ஒருமுறை கேட்டேன், பிறகு ஊசியைப் போட்டுவிட்டேன்

கேள்வி: ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஓர் இரவு, மூத்த மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வலியால் தூங்க முடியாமல் தவித்த ஒரு பெரியவருக்கு ஊசி போடச் சொன்னார். அவர் சொன்ன அளவு, வழக்கமாகப் போடுவதைப் போல இரண்டு மடங்கு. “சார், ரெண்டு ஆம்பூலா?” என்று கேட்டேன் (ஆம்பூல் என்பது ஊசி மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி). “சொன்னதைப் போடுங்க சிஸ்டர், காலையில வந்து பாக்கறேன்” என்று வைத்துவிட்டார். கூடப் பணியில் இருந்த சிஸ்டர், நான் இரண்டாவது ஆம்பூலை உடைப்பதைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. போட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பெரியவருக்கு மூச்சு மந்தமாகி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனோம். இரண்டு நாளில் தேறிவிட்டார். மருந்தின் அளவைப் பற்றி யாரும் எங்கும் எழுதவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சந்தேகம் வந்தும் செய்த நான் கோழையா? வீட்டுக் கடன் இருக்கும் நிலையில், அடுத்த முறை எப்படி மறுப்பது? நடந்ததை இப்போது சொல்லத்தான் வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். அதற்கு நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் பதில் மாறாத வரை மற்ற இரண்டுக்கும் வழி திறக்காது. நோயைத் தவறாகக் கணித்தால் மருந்தும் தவறாகத்தான் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். “நான் கோழை” என்று முடிவு கட்டிவிட்டால், துணிச்சல் என்ற ஒன்று எங்கிருந்தாவது வந்து சேரட்டும் என்று காத்திருப்பதைத் தவிர உங்களால் வேறொன்றும் செய்ய முடியாது. அது வந்து சேர்வதற்குள் இன்னோர் இரவில் அதே தொலைபேசி ஒலிக்கக்கூடும்.

உங்களுக்கு நேர்ந்ததைப் போன்ற ஒரு சூழ்நிலையை அமெரிக்க மனநல மருத்துவர் சார்லஸ் ஹாஃப்லிங்கும் அவருடைய குழுவினரும் வேண்டுமென்றே அமைத்துப் பார்த்து, முடிவை 1966-இல் வெளியிட்டார்கள். 22 வார்டுகளில், இரவு தொடங்கும் வேளையில், நர்ஸ் முன்பின் கண்டிராத ஒரு ‘டாக்டர்’ தொலைபேசியில் அழைத்து, ஒரு நோயாளிக்குக் குறிப்பிட்ட மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கும்படியும், தான் வந்து பிறகு கையெழுத்துப் போடுவதாகவும் சொல்வார். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று மருந்து டப்பாவிலேயே எழுதியிருந்தது. தொலைபேசியில் மருந்துக்கான உத்தரவு வாங்குவதும் மருத்துவமனையின் விதிக்கு மாறானது. இவ்வளவு இருந்தும் 22 நர்ஸ்களில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தார்கள். ஆய்வுக் குழுவினர் வழிமறித்து, அது தீங்கற்ற போலி மருந்து என்று சொல்ல வேண்டியிருந்தது. இதே நிலைமையை வேறு 12 நர்ஸ்களிடம் விவரித்து, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். 21 நர்சிங் மாணவியரிடம் கேட்டபோது அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். அவர்கள் யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. உட்கார்ந்து யோசித்துப் பதில் சொல்லும்போது இருக்கும் மனம் வேறு. ஒரு காதில் தொலைபேசியும் கையில் ட்ரேயுமாக, வலியில் முனகும் ஒருவருக்கு நான்கடி தள்ளி நிற்கும்போது இருக்கும் மனம் வேறு.

இந்தக் கதையின் அடுத்த பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. 1977-இல் ராங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் இந்தச் சோதனையை மாற்றிச் செய்து பார்த்தார்கள். இம்முறை மருந்து, நர்ஸ்களுக்கு நன்றாகப் பழக்கமான வேலியம். சந்தேகம் வந்தால் சக நர்ஸ்களிடம் பேசிக்கொள்ளவும் வாய்ப்பு இருந்தது. 18 பேரில் இரண்டே பேர்தான் அளவுக்கு மீறிய மருந்தைக் கொடுக்க ஆயத்தமானார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் காலமும் ஓரளவு மாறியிருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் 22-இல் 21 எங்கே, 18-இல் 2 எங்கே! மருந்தைப் பற்றிய அறிவும், வாய்விட்டுக் கேட்க ஓர் ஆளும் இருந்தபோது சாதாரண நர்ஸ்களே நின்று யோசித்தார்கள். உங்களுக்கு அந்த அறிவு இருந்தது. அந்த ஆளும் பக்கத்திலேயே நின்றிருந்தார், ஆனால் நீங்கள் அவரிடமோ அவர் உங்களிடமோ பேசவில்லை.

கீழ்ப்படிவதை அச்சத்தோடு மட்டும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையை நீங்கள் நர்சிங் படிப்பில் ஒருவேளை கேள்விப்பட்டிருக்கலாம். தவறான விடை சொல்பவருக்கு 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை படிப்படியாக மின் அதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். உண்மையில் மின்சாரமே பாயவில்லை, அலறியவரும் ஏற்பாடு செய்யப்பட்ட ஆள். முதலில் வெளியான ஆய்வில் 40 பேரில் 26 பேர் கடைசி வரை போனார்கள். அந்த ஆவணங்களைப் பின்னாளில் புரட்டியவர்கள், எத்தனை பேர் அதை உண்மை என்று நம்பினார்கள், நடத்தியவர்கள் விதிப்படிதான் நடத்தினார்களா என்றெல்லாம் நியாயமான ஐயங்களை எழுப்பியிருக்கிறார்கள். உங்களுக்குப் பயன்படும் செய்தி வேறு. தயங்கியவர்களைத் தொடரச் செய்ய நான்கு வாக்கியங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அவற்றில் அப்பட்டமான கட்டளை, “உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்” என்ற நான்காவது வாக்கியம். அந்த இடத்துக்கு வந்தவர்களிடம் அது அநேகமாகப் பலிக்கவேயில்லை. மிரட்டலுக்குப் பணிந்தார்கள் என்பதைவிட, நல்ல காரியம் ஒன்றில் பங்கெடுக்கிறோம், நடத்துபவருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் பின்தொடர்ந்தார்கள் என்று அலெக்ஸ் ஹாஸ்லம், ஸ்டீஃபன் ரைக்கர் ஆகிய உளவியலாளர்கள் வாதிடுகிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வாதம் எனக்கு இன்னும் சரியாகத் தோன்றுகிறது. அந்தப் பெரியவர் தூங்க வேண்டும் என்று நீங்களும் விரும்பினீர்கள். அவரைத் தூங்கவைக்கத் தெரிந்தவர் டாக்டர் என்று நம்பினீர்கள். நீங்கள் கீழ்ப்படிந்ததும், இன்று தூக்கமின்றித் தவிப்பதும் நோயாளியின் மேல் உள்ள ஒரே அக்கறையிலிருந்து பிறந்தவை.

இனி, “ஒருமுறை கேட்டேன்” என்பதற்கு வருகிறேன். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனி. கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 புறப்படத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில், கண்ணுக்குத் தெரியாத தொலைவில், பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 ஊர்ந்துகொண்டிருக்கிறது. கே.எல்.எம். கேப்டன் 747 விமானிகளுக்குப் பயிற்சி தரும் தலைவர். பக்கத்தில் அமர்ந்திருந்த துணை விமானிக்கு அந்த விமானத்தை ஓட்டத் தகுதித் தேர்வு நடத்தியவரும் அவரே. கேப்டன் விமானத்தை நகர்த்த முற்பட்டதும், இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி சொல்கிறார். தெரியும், கேள் என்கிறார் கேப்டன். பறக்க வேண்டிய வழித்தடத்துக்கான அனுமதி வருகிறது. புறப்படுவதற்கான அனுமதி வரவில்லை. கேப்டன் மீண்டும் விமானத்தைச் செலுத்துகிறார். இந்த இரண்டாம் முறை துணை விமானி தடுக்கவில்லை. பின்னால் இருந்த பொறியாளர் மட்டும், அந்தப் பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்கிறார். “ஆமாம்” என்று அழுத்தமாகப் பதில் வருகிறது. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. சில விநாடிகளில் இரு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

ஆளுக்கு ஒருமுறை இருவரும் பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள். பதில் கிடைத்ததும் அடங்கிவிடும் விதத்தில் பேசினார்கள். “சார், ரெண்டு ஆம்பூலா?” என்பதும் அப்படிப்பட்டதுதான். இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு விமானத் துறை, இளையவர் இடித்துரைக்கவும் மூத்தவர் அதற்குச் செவிகொடுக்கவும் முறையாகப் பயிற்சி தரத் தொடங்கியது. முதல் எச்சரிக்கைக்குச் சரியான விளக்கம் வராவிட்டால் இரண்டாம் முறையும் சொல்லியே தீர வேண்டும், அதற்கும் பதில் இல்லையென்றால் வேறொருவரிடம் கொண்டு போக வேண்டும் என்ற விதி அங்கிருந்துதான் மருத்துவமனைகளுக்கு வந்தது.

ஆகவே, இரண்டாவதாகச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள். உத்தரவைக் கேட்டதும், மருந்தின் பெயரையும் அளவையும் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, “சார், வழக்கமா ஒண்ணுதான் போடுவோம், நீங்க சொன்னது ரெண்டு. இவருக்கு வயசு அதிகம், மூச்சு குறைஞ்சிடுமோன்னு கவலையா இருக்கு. ரெண்டுதானா?” என்று கேளுங்கள். அதே பதில் வந்தால், “டூட்டி டாக்டர் வந்து பார்த்ததும் போடறேன் சார், இப்பவே கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டு அவரை அழைத்துவிடுங்கள். முதல் வாக்கியத்தில் நோயாளியின் வயதும் மூச்சும் இருப்பதைப் பாருங்கள். அதனால் பேச்சு உங்கள் இருவருக்கும் இடையிலான மரியாதைப் பிரச்சினையாக மாறாமல், படுக்கையில் இருப்பவரைப் பற்றியதாகவே நிற்கும். இவற்றை வீட்டில் பத்து முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் முறை ஊசி போடுவதற்கு முன் எத்தனை முறை பழகினீர்கள்! இதற்கும் நாக்கு பழக வேண்டும்.

மறுத்தால் ஒன்றும் ஆகாது என்று நான் உங்களுக்கு வாக்குத் தர மாட்டேன். அந்த மருத்துவர் கோபப்படலாம், உங்கள் டூட்டி மாற்றப்படலாம். கடன் கட்டுபவருக்கு அது சிறிய விஷயமல்ல. ஆனால் டூட்டி டாக்டரை அழைத்தேன் என்பதைத் தவறு என்று எழுத்தில் குற்றம் சாட்டுவது யாருக்கும் எளிதல்ல.

நடந்ததைச் சொல்லத்தான் வேண்டுமா என்றால், வேண்டும் என்பதே என் பதில். உங்கள் மனச்சுமை இறங்குவதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் இனி எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும், இந்த மருந்து இந்த அளவில் அவருடைய மூச்சைக் குறைத்தது என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நன்றி சொன்ன அந்த மகளுக்கும் அதை அறியும் உரிமை உண்டு. முதலில் நர்ஸ்கள் சங்கத்திலோ ஒரு வழக்கறிஞரிடமோ ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு நர்சிங் சூப்பரின்டெண்டெண்டிடம் எழுத்தில் கொடுங்கள்: அழைப்பு வந்த நேரம், சொல்லப்பட்ட அளவு, நீங்கள் கேட்டது, வந்த பதில், ஊசி போட்ட நேரம், மூச்சு குறைந்த நேரம். யாரையும் பழிக்கும் சொல் வேண்டாம். உங்கள் பங்கைக் குறைத்தும் எழுத வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அன்று உடனிருந்த சிஸ்டரிடம் பேசுங்கள். 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தைப் பற்றி அறையில் இருந்த அத்தனை பேரும் ஒருமித்துத் தவறாகச் சொன்னபோது, கண்ணுக்குத் தெரிந்ததையே மறுத்துத் தாங்களும் தவறாகச் சொன்னவர்கள் பலர். ஒரே ஒருவர் உண்மையைச் சொல்லிக் கூட நின்றபோது அந்தத் தவறுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. மில்கிராம் சோதனையிலும், உடனிருந்த இருவர் நடுவில் எழுந்து மறுத்த வகையில், 40 பேரில் நால்வர்தான் கடைசி வரை போனார்கள். உங்கள் தோழி அன்று பேசாமல் இருந்ததை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள்; ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள நீங்கள் ஆம்பூலை உடைத்ததையே அவரும் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். “நான் ரெண்டாவது ஆம்பூலை உடைச்சப்போ உங்களுக்கும் சந்தேகம் வந்ததா?” என்று அவரிடம் இந்த வாரமே கேளுங்கள். வந்தது என்று சொன்னால், இனி இருவரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் மற்றவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, மருந்தின் அளவை வாய்விட்டுப் படித்துக்காட்டுவது என்று அன்றைக்கே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.