பத்துக் குஞ்சுகளில் ஏழு சேவலா? என்ன செய்வது?

கேள்வி: “கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறோம். வீட்டு முட்டைக்காகப் பத்து நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கினோம். ஏழு வாரம் ஆகிறது. ஏழு குஞ்சுகள் சேவல் போலத் தெரிகின்றன. மார்கழிப் பனியில் அடைவைத்த குஞ்சுகள் என்று விற்றவர் சொன்னார். குளிரால் சேவல் கூடுமா? சின்னதிலேயே கண்டுபிடிக்க முடியாதா? இத்தனை சேவல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?”

குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முட்டை கிடக்கும் இடத்தின் வெப்பம் ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது முதலைக்கும் பல வகை ஆமைகளுக்கும்தான். கோழியில், முட்டை வெளியே வருவதற்கு முன்பே விஷயம் முடிந்துவிடுகிறது. ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் குரோமோசோம் இரண்டு. சேவலுக்கு அவை இரண்டுமே இசட். பெட்டைக்கு ஒன்று இசட், மற்றது டபிள்யூ. பெட்டை எதைக் கொடுக்கிறதோ அதன்படி குஞ்சு அமைகிறது. பழி சொல்லியே தீர வேண்டுமென்றால் தாய்க்கோழியைச் சொல்லுங்கள். மார்கழி என்ன செய்யும்? குளிர் மிஞ்சினால் முட்டை பொரியாமல் போகும், அவ்வளவுதான்.

பத்துக்கு ஏழு என்பதும் அதிசயமில்லை. சரிபாதி என்பது ஆயிரக்கணக்கில் பொரிக்கும்போது வரும் கணக்கு. பத்துப் பத்தாகப் பிரித்து வீடுகளுக்குக் கொடுத்தால், ஏறக்குறைய ஆறு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஏழோ அதற்கு மேலோ சேவலாகத்தான் இருக்கும். இந்த முறை அந்த வீடு உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் ஏழு வாரத்தில் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

சின்னதிலேயே கண்டுபிடிக்க ஊரில் வழிகளுக்குக் குறைவில்லை. கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கும்போது காலைத் தொங்கவிட்டால் சேவல், மடக்கிக்கொண்டால் பெட்டை என்பார்கள். நூலில் ஊசியைக் கட்டிக் குஞ்சின் தலைக்கு மேல் ஆட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. எங்கள் அப்பத்தா முட்டையிலேயே சொல்லிவிடுவார்: கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை. கிரேக்கத்து அரிஸ்டாட்டில் இதற்கு நேர்மாறாக எழுதிவைத்திருக்கிறார்: நீண்டு கூரானது பெட்டை, உருண்டையானது சேவல். இருவருக்குமே பாதி பலித்திருக்கும். அதில்தான் சூது இருக்கிறது. எந்தக் குருட்டுச் சோதனையும் பத்துக்கு ஐந்து சரியாக வரும். பலித்ததை ஊர் முழுக்கச் சொல்வார்கள். பலிக்காதது குழம்பில் போய்விடும்.

ஒருநாள் குஞ்சிலேயே பிரிக்கும் உண்மையான முறையும் இருக்கிறது. 1920-களில் ஜப்பானியர்கள் கண்டறிந்தது அது. குஞ்சின் எச்சத் துவாரத்தை மெல்லப் பிதுக்கி, உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஒரு சிறு முகிழ்ப்பை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கைபழகியவர்கள் மணிக்கு நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பிரித்துத் தள்ளுவார்கள். சில பெட்டைகளுக்கும் அப்படி ஒரு மேடு இருப்பதால், அதைப் பிரித்தறிய நெடுங்காலப் பயிற்சி வேண்டும். வீட்டில் முயன்று பார்த்தால் குஞ்சின் குடல்தான் பிதுங்கும். தயவுசெய்து வேண்டாம்.

இணையத்தில் சுற்றும் இறக்கைப் படங்களும் பொய்யல்ல. நீளச் சிறகுகளும் அவற்றை மூடும் சிறகுகளும் ஒரே அளவில் இருந்தால் சேவல், நீளச் சிறகுகள் நன்றாக முந்தி நின்றால் பெட்டை. ஆனால் அது, சிறகு மெதுவாக முளைக்கும் தாயையும் வேகமாக முளைக்கும் தகப்பனையும் திட்டமிட்டுச் சேர்த்த கலப்பினங்களுக்கு மட்டுமே பொருந்தும். கறுப்பில் வெள்ளை வரியோடும் பிளைமவுத் ராக் பெட்டையை ரோடு ஐலண்ட் ரெட் சேவலோடு சேர்த்தால், தலையில் வெள்ளைப் பொட்டோடு பிறப்பவை சேவல். அதுவும் அந்த ஜோடிக்கு மட்டும்தான். நம் தெருவில் மேயும் நாட்டுக்கோழிக் குஞ்சுக்குத் தகப்பன் யாரென்று யாருக்குத் தெரியும்?

சரி, எதைத்தான் நம்புவது? இப்போதைக்குக் கொண்டையைப் பாருங்கள். நிமிர்ந்த ஒற்றைக்கொண்டை உள்ள வகையில், ஐந்தாறு வாரத்திலேயே சேவல் குஞ்சின் கொண்டை தடித்துச் சிவக்கத் தொடங்கும். அலகுக்குக் கீழே தாடியும் எட்டிப் பார்க்கும். அதே வயதில் பெட்டையின் கொண்டை வெளிறி, சின்னதாக இருக்கும். சண்டைக்கோழி வகையான பெருவிடையின் ரத்தம் கலந்திருந்தால் இந்த அடையாளம் காலை வாரிவிடும். அதற்குக் கொண்டையே அமுங்கித்தான் இருக்கும். அதோடு, வத்தலக்குண்டு வெயிலில் வளரும் கோழியின் கொண்டையை மனத்தில் வைத்துக்கொண்டு மேல்மலைக் கோழியைப் பார்க்கக் கூடாது. குளிரில் கொண்டை சிறுத்துத்தான் வளரும். கால் தடிமன், நிமிர்ந்த நடை, நெஞ்சோடு நெஞ்சு மோதும் சண்டை எல்லாம் பக்கச் சாட்சிகள். பெட்டைக் குஞ்சுகளும் நன்றாகவே மோதிக்கொள்ளும்.

பன்னிரண்டு வாரம் ஆனதும் ஒரு வேலை செய்யுங்கள். இரவில் கோழிகள் அடைந்த பிறகு, டார்ச்சோடு போய் ஒவ்வொன்றாக எடுத்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். இருட்டில் முரண்டு பிடிக்காது. வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், இடுப்பின் மேலிருக்கும் சிறகுகளை விரலால் விலக்கிப் பாருங்கள். பெட்டையாக இருந்தால் எல்லாம் அகலமாக, நுனி வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தது போல அடுக்கியிருக்கும். சேவலாக இருந்தால் அவற்றுக்கு நடுவே மெல்லியதாக, நீளமாக, நுனி கூர்ந்து, எண்ணெய் தடவியதுபோல் மின்னும் புதுச் சிறகுகள் கிளம்பியிருக்கும். முதலில் இரண்டு மூன்றுதான் தெரியும், அதுவே போதும். நாட்டுக்கோழியில் கொண்டை ஏமாற்றலாம், நிறம் ஏமாற்றலாம், இது ஏமாற்றி நான் பார்த்ததில்லை.

கூவட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சில சேவல்கள் இரண்டாவது மாதத்திலேயே தொண்டையைக் கிழித்துக்கொள்ளும். சில ஐந்து மாதம்வரை வாய் திறக்காது. கூட்டத்தில் ஒரு பெரிய சேவல் இருந்தால் சின்னவை அடங்கியே இருக்கும். பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியாது என்பார்கள். ஆனால் பெட்டை கூவுவது உண்டு. பெட்டைக்கு வேலை செய்வது இடது பக்கச் சினைப்பை ஒன்றுதான். அது நோயால் கெட்டுவிட்டால் கொண்டை பெருத்து, சேவல் குணம் வந்துவிடும். அபூர்வம்தான், சகுனம் பார்த்து அடித்துப் போட வேண்டியதில்லை.

இனி, மிஞ்சிய சேவல்கள். முட்டைக்குச் சேவலே தேவையில்லை என்பதை முதலில் மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். அடைவைத்தால் கூமுட்டையாகும், அதுதான் வித்தியாசம். குஞ்சு பொரிக்க ஆசை இருந்தால் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். உங்களிடம் இருப்பது மூன்று பெட்டை. ஏழு சேவல் மூன்று பெட்டையை மிதித்தால் பெட்டைகளின் முதுகில் ஒரு சிறகு மிஞ்சாது. பெட்டைகள் அந்த முதுகோடு நம் ஊர் உறைபனி இரவைத் தாங்க வேண்டும். அதனால் மூன்றரை மாதத்தில், மிதிக்கத் தொடங்கும்போதே, சேவல்களைத் தனியாக அடைத்துவிடுங்கள். பெட்டை கண்ணில் படாத இடமாக இருந்தால், ஒன்றாக வளர்ந்த சேவல்கள் பெரிதாகச் சண்டையிடுவதில்லை.

கூவலுக்குத்தான் மருந்து கிடையாது. பக்கத்தில் தங்கும் விடுதி இருந்தால் விடியுமுன் சுற்றுலா வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். கூண்டைச் சாக்குப் போட்டு மூடி இருட்டாக்கினால் கொஞ்சம் குறையும், நிற்காது. நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் காட்டியது இதைத்தான்: வெளிச்சமே இல்லாவிட்டாலும் உள்ளுக்குள் ஓடும் கடிகாரப்படி சேவல் கூவும். 2015-ல் அவர்களே இன்னொன்றும் சொன்னார்கள். கூட்டத்தில் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும். மற்றவை பதவி வரிசைப்படி தொடரும். ஆகவே சத்தமாகக் கூவும் ஒன்றைக் குழம்பு வைத்துவிட்டால் அமைதி வரும் என்று எண்ணாதீர்கள். அடுத்தது பதவி ஏற்கும்.

யாருக்கு, எப்போது கொடுப்பது? ஐந்து மாதத்துக்குள் என்றால் கறி மிருதுவாக இருக்கும். ஆறேழு மாதம் தாண்டினால் குக்கர் பல விசில் அடிக்க வேண்டும். சேவல் கறிக்கு நம் மலைப்பூண்டையும் கீழ்மலை மிளகையும் தட்டிப் போட்டு வைக்கும் குழம்புக்கு ஈடில்லை என்பது என் கட்சி. தீபாவளிக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் முன்னால் நல்ல விலை கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றுவிடலாம். அக்கம்பக்கத்தில் கேட்டால் இரண்டு சேவலுக்கு ஒரு வெடைக்கோழி (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டை) என்று மாற்றிக்கொள்ளவும் ஆள் கிடைப்பார்கள். முருகனுக்கு நேர்ந்துவிடுவது வேண்டுதல் இருந்தால் சரி. உபரியைத் தள்ளிவிடக் கோயிலைத் தேடாதீர்கள்.

இரண்டு இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ஒன்று, கட்டுச்சேவல் வாங்க வருபவர்கள். வாட்டசாட்டமான பெருவிடைச் சேவலுக்கு அவர்கள் சொல்லும் விலை ஆசைகாட்டும். விலங்குகளையும் பறவைகளையும் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மற்றது சோலைக்காடு. ‘பிழைத்துக்கொள்ளும்’ என்று விட்டுவருபவர்கள் இருக்கிறார்கள். மரநாய்க்கு ஒருநாள் இரை, அவ்வளவே. சேவலுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் இருந்தால் அங்கே இருக்கும் காட்டுக்கோழிகளுக்கும் ஒட்டும்.

அடுத்த முறை முட்டைதான் நோக்கம் என்றால் குஞ்சு வாங்காதீர்கள். சந்தையில் ரோஸ், பச்சைச் சாயம் ஏற்றி விற்பவை பெரும்பாலும் முட்டைப் பண்ணைக்கு வேண்டாம் என்று பொரிப்பகங்கள் ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். குழந்தைகள் கேட்டாலும் கையை இறுக்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கடந்த வெடையாகக் கேளுங்கள். விலை அதிகம்தான், ஆனால் மூன்று மாதத் தீவனமும் சேவல் தலைவலியும் மிச்சம். வாங்கும்போது சந்தையிலேயே கக்கத்தில் இடுக்கி இடுப்புச் சிறகை விலக்கிப் பார்த்துவிடுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அடுத்தவரிடம் போங்கள்.