பிளேடும் கயிறும் எதற்கு?

கேள்வி: மார்கழியில் நண்பர்களுடன் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்க நடைப்பயணம் போகிறோம். அங்கே கண்ணாடி விரியன் அதிகம் என்கிறார்கள். பிளேடு, கட்டுப்போடக் கயிறு, ஒரு தடி ஆகியவை போதுமா? பாம்பைக் கண்டால் அடித்துவிடலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: தடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் அடிப்பதற்கு அல்ல, கால் வைக்கும் முன் புல்லை விலக்கிப் பார்ப்பதற்கு. அங்கே கண்ணாடி விரியன் நிறைய உண்டு என்பது உண்மைதான். தரையைத் தட்டிக்கொண்டே நடந்தால் பாம்பு விலகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். சாரைக்கும் நாகத்துக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். கண்ணாடி விரியனோ காய்ந்த புல்லின் நிறத்தோடு ஒன்றிச் சுருண்டு கிடப்பதையே தன் காவலாக நம்பியிருப்பதால், பல வேளைகளில் ஓடாது. நெருங்கியபின் குக்கர் ஆவி விடுவதுபோல உரக்கச் சீறும், சில சமயம் சீறாமலும் கடிக்கும். ஆகவே பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி நடக்காதீர்கள். பறவையைப் பார்க்க வேண்டுமானால் நில்லுங்கள். நடக்கும்போது தரையைப் பாருங்கள். வனத்துறை அனுமதித்த பாதையை விட்டு நாணலுக்குள் இறங்க வேண்டாம். முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸும் தளர்வான முழுக்கால்சட்டையும் அணியுங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

பிளேடு ஏன் கூடாது? இந்தப் பாம்பின் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுக்கிறது. அந்த நிலையில் கடிவாயைக் கீறினால் நஞ்சு வெளியேறாது, நிற்காத இரத்தப்போக்குதான் மிஞ்சும். இறுக்கக் கட்டும் கயிறோ, ஏற்கெனவே வீங்கும் காலில் இரத்த ஓட்டத்தைத் தடுத்து, சதை அழுகுவதற்கு வழி செய்யும். வாயால் உறிஞ்சுவதைத் திரைப்படத்தோடு நிறுத்திக்கொள்வோம். கடிபட்டவரைப் படுக்க வைத்து, மோதிரம், கொலுசு, செருப்பைக் கழற்றி, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோலக் காலை மட்டையோடு அசையாமல் தளர்வாகக் கட்டி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுசெல்லுங்கள். எந்த மருத்துவமனையில் மருந்து இருக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்து வையுங்கள். ஊசி போட்டால் போதும் என்று வழியில் எந்தக் கிளினிக்கிலும் இறங்க வேண்டாம்.

அடிப்பது பற்றி: கண்ணாடி விரியன் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்; அடிக்கப் போகிறவர் பாம்பின் எட்டும் தூரத்துக்குள் தானே போய் நிற்கிறார். மருத்துவரிடம் காட்ட வேண்டுமே என்று வாதிடுவீர்கள். காட்டத் தேவையில்லை. இங்கே கிடைக்கும் நஞ்சுமுறி நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இந்த நான்கின் நஞ்சையும் எடுத்து மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறது. மேலும், கடிபட்டவரின் இரத்தத்தைச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, அது உறைகிறதா என்று பார்ப்பது மருத்துவமனை வழக்கம். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று மருத்துவர் முடிவுக்கு வருவார். செத்த பாம்பைப் பையில் போட்டுக்கொண்டு போனால், அதன் தலை இன்னும் சிறிது நேரம் கடிக்கக்கூடும் என்பதையும் உங்கள் நண்பர்களிடம் சொல்லிவையுங்கள்.