கடிகாரம் சீனி பார்க்குமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பல வருடமாக இனிப்பு நீர், இன்சுலினும் போடுகிறார். விரலில் குத்திக் குத்தி வலிக்கிறது என்கிறார். பசார் மாலாமில் ஊசியே இல்லாமல் சீனி காட்டும் கைக்கடிகாரம் விற்கிறார்கள். வாங்கித் தரலாமா?
- ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம்மா. தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சீனியை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கடிகாரத்தின் பச்சை விளக்கு நாடித்துடிப்பைப் பிடிக்கும், அது உண்மைதான் (டாய்லெட் பேப்பர் சுருளில் கட்டினாலும் துடிப்பு காட்டுகிற மலிவுச் சரக்கும் உண்டு). ஆனால் தோலுக்கு அடியில் நீர், கொழுப்பு, புரதம் எல்லாம் கலந்து கிடக்கிற இடத்தில் சீனியின் அளவை மட்டும் வெளிச்சத்தால் பிரித்துப் பார்ப்பது, பெரிய கம்பெனிகளே பல வருடமாக முட்டி மோதிக்கொண்டிருக்கிற வேலை. உங்கள் அம்மா இன்சுலின் போடுகிறவர்; பொய்யான எண்ணை நம்பி ஒரு அளவு கூட்டிப் போட்டால் சீனி சட்டென இறங்கி மயக்கம், அதற்கு மேலும் போகலாம்.

கையில் ஒட்டும் சென்சார் வேறு விஷயம். அதில் மயிரிழை மாதிரி ஒரு கம்பி தோலுக்குள் போய் அங்குள்ள திரவத்தில் சீனியை அளக்கிறது, ரத்தத்தைவிடச் சில நிமிடம் பிந்தித்தான் காட்டும். நல்ல சாதனம், ஆனால் சில வகைகளை 14 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், செலவு கடிக்கும். டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதுவரை விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள், வலி குறையும். விரலை மாற்றி மாற்றிக் குத்தணும். காய்த்துப்போன கை என்றால் வெதுவெதுப்பான நீரில் கழுவினால் ரத்தம் சுலபமாக வரும். ரம்புத்தான் உரித்த கையோடு குத்தினால் பழச் சீனியும் சேர்ந்து எண் எகிறிவிடும், அப்புறம் வீடே பதறும்.

கேள்வி: கண்ணைப் படமெடுத்தால் கம்ப்யூட்டரே நோயைச் சொல்லிவிடுமாமே, அப்படியானால் கண் டாக்டர் எதற்கு?
- வாசகர், தாப்பா

பதில்: சொல்கிறது. டாக்டர் பார்க்காமலே தானாக முடிவு சொல்லும் முதல் கருவிக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது. அது தேடுவது இனிப்பு நீரால் விழித்திரையில் வரும் கோளாறை மட்டும்தான், கண் அழுத்த நோயும் புரையும் அதன் கணக்கிலேயே இல்லை. அப்புறம், தாய்லாந்து கிளினிக்குகளில் இதே மாதிரி இன்னொரு கருவியைப் பயன்படுத்திப் பார்த்தபோது, வெளிச்சம் சரியில்லாத அறைகளில் எடுத்த படங்கள் உட்பட ஐந்தில் ஒன்றை அது ஏற்கவே மறுத்தது. பார்வை நன்றாக இருந்தவர்கள்கூடப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டி வந்தது. கூட்டத்தைச் சலித்து யாரை முதலில் அனுப்புவது என்று சொல்ல மிஷின் போதும். மருந்தும் லேசரும் டாக்டர் கையில்தான்.

கேள்வி: கிளினிக் போவதற்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்தால் போதும் என்கிறார் என் கணவர். சரியா?
- வாசகி, பீடோர்

பதில்: காலையில் பார்க்கும் வெறும்வயிற்றுச் சீனி வேண்டுமானால் ஏமாறும். ஏ1சி (சிவப்பணுவில் ஒட்டிய சீனியை அளக்கும் ரத்தச் சோதனை) ஏமாறாது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், அத்தனை நாள் தின்ற கேசரியும் தே தாரிக்கும் அதில் ஒட்டியிருக்கும். ஆனால் குடும்பத்தில் தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்த நோய்) இருந்தாலோ ரத்தசோகை இருந்தாலோ ஏ1சி தப்பாகக் காட்டலாம், அதை மிஸ்ஸியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.