மறு: சந்தையில் வாங்கும் பழம் பாதி வீணாகிறது

வணக்கம் சகோதரி. சுங்கை சிப்புட்டில் வாரம் ஒருமுறை பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில்தான் பழம் வாங்க முடிகிறது, வந்ததும் எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் (குளிர்சாதனப் பெட்டியில்) வைக்கிறேன், பாதி அழுகுகிறது, பப்பாளி காயாகவே கிடக்கிறது, பிள்ளைகள் தொடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை.

முதலில் ஐஸ் பெட்டியை விடுங்கள். வாழை, பப்பாளி, மாம்பழம், சிக்கு (சப்போட்டா) எல்லாம் பறித்த பிறகும் பழுப்பவை. காயாகக் குளிரில் வைத்தால் பழுப்பது நின்று போகும், ருசியும் கெடும். பப்பாளியில் இரண்டு மூன்று மஞ்சள் கீற்று விழுந்ததாகப் பார்த்து வாங்குங்கள். முழுப் பச்சை சரியாகப் பழுக்காது. கீற்று விழுந்த பப்பாளியைப் பழுத்த வாழையோடு சேர்த்து அரிசி டின்னில் மூடி வையுங்கள். வாழை விடும் எத்திலீன் வாயு அதைப் பழுக்க வைக்கும். தினமும் தொட்டுப் பாருங்கள், கனிந்ததும் ஐஸ் பெட்டிக்கு மாற்றலாம்.

அன்னாசி, தர்பூசணி, ரம்புத்தான், டுக்குப் பழம் அப்படியல்ல. பறித்த அன்று இருந்த இனிப்புதான். நன்றாகப் பழுத்ததை வாங்கி முதல் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். பப்பாளியும் வாழையும் வாரக் கடைசிக்கு.

பிள்ளைகள் விஷயம்: முழுப் பழத்தை மேசையில் வைத்தால் என் பிள்ளைகளும் தொட மாட்டார்கள். பள்ளி விட்டுப் பசியோடு வரும் நேரத்தில், ரொட்டியை எடுப்பதற்கு முன்னாலேயே, வெட்டிய கொய்யாவில் கொஞ்சம் ஆசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம் பழம்) பொடி தூவித் தட்டில் வைக்கிறேன். பப்பாளிக்கு எலுமிச்சை பிழிந்தால் போதும். ஜூஸ் மட்டும் போடாதீர்கள், சக்கையோடு நார்ச்சத்தும் போய்விடும். அடுத்த வாரம் பப்பாளி பழுத்ததா என்று எழுதுங்கள்.