எங்கள் புறநகரின் பழைய படங்கள் கிடைத்துள்ளன. எந்த ஆண்டு, எந்த இடம் என்று எப்படி உறுதிசெய்வது?

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை, கைக்குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். ஓரத்தில் அச்சான தேதியை அப்படியே நம்பக் கூடாது. அது பிரிண்ட் போட்ட நாள். படம் எடுத்தது அதற்கு முன்பு, சில நேரம் பல ஆண்டுகள் முன்பு. தாள் வழவழப்பாக, பிளாஸ்டிக் பூச்சுடன் இருந்தால் பெரும்பாலும் 1970-களுக்குப் பிந்தைய பிரிண்ட். ஆனால் பழைய நெகட்டிவிலிருந்து பிறகு போட்டதாகவும் இருக்கலாம்.

அதனால் படத்துக்குள்ளேயே சான்று தேடுங்கள். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்தால் கடைப் பலகை, வண்டி எண், மின்கம்பம் எல்லாம் பெரிதாக்கினால் தெரியும். பலகை எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இடம் குழம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காட்சியில் இருக்கும் கட்டடங்களில் கடைசியாகக் கட்டியதன் ஆண்டு கீழ் எல்லை, படம் அதற்கு முன்பு எடுத்ததாக இருக்காது. முதலில் இடித்ததன் ஆண்டு மேல் எல்லை, அதற்குப் பின்பு எடுத்ததாக இருக்காது.

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் ஊகம்தான் வரும். "பாலம் கட்டுவதற்கு முன்பா, பின்பா?" என்று கேளுங்கள். இருவரைச் சேர்த்து உட்கார வைக்காதீர்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் வழிமொழிந்துவிடுவார்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே வேண்டாம், கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். பின்னால் குறிப்பெழுத மென்மையான பென்சில் போதும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் பதித்துவிடும்.