மாஸ்டர் பதில்கள்: லிப்ட் இல்லாத வீடும் சைஸ் இல்லாத கைலியும்

*மாஸ்டர் அண்ணே, எனக்கு வயசு 24. ரங்கூன் டவுனில் துணிக்கடை வேலை, காலை 9 மணியிலிருந்து ராத்திரி 8 மணி வரை நின்றபடியேதான். ஜிம்முக்குக் கட்டப் பணமும் இல்லை, போக நேரமும் இல்லை. வீடு ஆறாவது மாடி, லிப்ட் கிடையாது, ஏறி வந்தாலே செத்துவிடுகிறேன். வீட்டிலேயே ஏதாவது செய்து மூன்று மாதத்தில் உடம்பைத் தேற்ற முடியுமா?*
துணிக்கடைத் தம்பி, ரங்கூன்

லிப்ட் இல்லாததைக் குறையாக எழுதியிருக்கிறாய். தம்பி, காசு கொடுத்து ஜிம்முக்குப் போகிறவன் அங்கே ஒரு மிஷின் மேல் ஏறிப் படி ஏறுகிற மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருக்கிறான், உனக்கு அது வாடகையோடு சேர்த்தே வருகிறது.

முதலில் ஒன்று. பதினொரு மணி நேரம் நிற்பது களைப்புதான், ஆனால் அது உடற்பயிற்சி ஆகாது. கால் வீங்கும், இடுப்பு கடுக்கும், நெஞ்சும் தோளும் சும்மாவே கிடக்கும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிஷம் ஒதுக்கு. அதற்கு மேல் இப்போது வேண்டாம். சுவரில் கையை ஊன்றித் தண்டால் எட்டு. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும் பஸ்கி எட்டு. கைப்பையில் இரண்டு வீசை அரிசி போட்டு (நம்ம ஊர் கணக்கில் இரண்டு வீசை சேர்ந்து மூன்றேகால் கிலோ வரும்) குனிந்த நிலையில் முதுகை நேராக வைத்து விலாப்பக்கமாக இழுப்பது, ஒரு கைக்கு எட்டு. அப்புறம் முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி 15 வினாடி நிறுத்துவது. இதுதான் ஒரு சுற்று. இரண்டு சுற்று போதும். சுவர்த் தண்டால் பதினைந்து சுலபமாக வந்ததும் கட்டில் விளிம்புக்கு இறங்கு, அங்கேயும் பதினைந்து வந்தால் தரைக்கு இறங்கு.

“இன்னும் இரண்டு மூன்று போடலாம் போலிருக்கிறதே” என்று தோன்றும், அந்த இடத்தில் நிறுத்திவிடு. இதை நான் பத்து வருஷமாகச் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கு 22 வயசு, ஒரு ஜிம்மில் சேர்ந்த முதல் நாள், அங்கே இருந்த ஒரு பெரியவர் 200 பஸ்கி போட்டால்தான் ஆம்பளை என்றார். போட்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன். இரண்டாம் நாள் காலையில் ஐந்தாவது மாடியிலிருந்து இறங்க முடியவில்லை. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி இறங்கினேன், இரண்டாவது மாடி பர்மியப் பாட்டி வாசலில் நின்று சிரித்துவிட்டு, அப்புறம் பாவம் பார்த்துத் தைலம் கொடுத்தார். அதோடு அந்த ஜிம் பக்கமே இரண்டு வருஷம் போகவில்லை. 200 பஸ்கி போட்டு இரண்டு வருஷம் போனதுதான் மிச்சம்.

அந்த வலி ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வந்து தானாகவே அடங்கும், புதிதாக ஆரம்பிக்கிற எல்லோருக்கும் கொஞ்சம் வரும். ஆனால் தசை வீங்கி, வலி தாங்க முடியாமல், சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போனால் அது வேறு விஷயம். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதல் நாளே வீராப்புக் காட்டுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் இது வருகிறது.

படிக்கட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஏறும்போது கொஞ்சம் வேகமாக ஏறு, மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினால் வெட்கம் இல்லை. இறங்கும்போது மட்டும் மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் முட்டிக்குச் சுமையும் தொடைக்கு மறுநாள் வலியும் இறங்குவதில்தான் அதிகம். கரண்ட் இல்லாத ராத்திரியில் இருட்டுப் படியில் பயிற்சி வேண்டாம், போன் வெளிச்சத்தில் பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

மூன்று மாதத்தில் என்ன ஆகும் என்று கேட்டாய். முதல் சில வாரம் பலம் கூடும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, அப்போது நரம்புதான் தசையை வேலை வாங்கக் கற்றுக்கொள்கிறது. மூன்றாம் மாதத்தில் சட்டை தோளில் கொஞ்சம் பிடிக்கும், ஆறாவது மாடிக்கு நிற்காமல் ஏறுவாய். சினிமாக்காரன் உடம்பு வராது.

*வயது 46, டீக்கடை வைத்திருக்கிறேன். தொப்பை மட்டும்தான் பிரச்சினை, கை கால் எல்லாம் ஒல்லிதான். தினமும் 100 தடவை படுத்து எழுந்தால் தொப்பை கரையும் என்று கடைப் பையன் சொல்கிறான். ஒரு மாதமாகச் செய்கிறேன், கழுத்து வலிதான் வந்தது.*
தாக்கேட்டா வாசகர்

கழுத்து வலி வரும் ஐயா, ஏனென்றால் வயிற்றுக்குப் பலம் பத்தாமல் தலையைக் கையால் இழுத்து எழுந்திருப்பீர்கள். எந்த இடத்துத் தசைக்கு வேலை கொடுக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்புதான் கரையும் என்பது உண்மை இல்லை. கொழுப்பு உடம்பு முழுக்கப் பொதுக் கணக்கில் இருக்கிறது, எங்கிருந்து முதலில் எடுப்பது என்று உடம்புதான் முடிவு செய்யும், நம்மிடம் கேட்காது.

நம்ம ஊர் ஆம்பளைக்குத் தொப்பை போட்டது ஏன் தெரிவதில்லை என்றால், கைலிக்குச் சைஸ் கிடையாது. பேண்ட் போடுகிறவனுக்குப் பட்டன் சொல்லிவிடும், நாம் அவிழ்த்து இன்னொரு தடவை இறுக்கிச் செருகிக்கொண்டு போய்விடுகிறோம், வருஷம் பத்து ஓடிவிடும். தையல்காரர் டேப் ஒன்று வாங்குங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டுவிட்டு, வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். நம்மைப் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை, அதாவது சுமார் முப்பத்தைந்தரை அங்குலம். அதைத் தாண்டினால் கை கால் ஒல்லியாக இருப்பதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, கை கால் ஒல்லியும் வயிறு மட்டும் பெருசும் என்றால் சர்க்கரை, இதயம் இரண்டையும் ஒரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டிய உடம்பு.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். டின் பால் ஒரு மேசைக்கரண்டியில் பத்து கிராமுக்குக் கொஞ்சம் கூடவே சர்க்கரை இருக்கிறது. பதம் பார்க்க ஒன்று, வந்த சிநேகிதருக்குக் கம்பெனியாக ஒன்று என்று ஒரு நாளைக்கு ஆறு ‘சோ செய்ன்’ (டின் பால் தூக்கலாக விட்ட இனிப்பு டீ) உள்ளே போனால், டம்ளருக்கு ஒரு கரண்டி என்று வைத்தாலும் 60 கிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் வரம்பு 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம், பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. நீங்கள் மேசை மேசையாக இலவசமாக வைக்கிறீர்களே வெறும் டீ பிளாஸ்க், அதில் ஒரு பைசா சர்க்கரை இல்லை. வாடிக்கையாளர் குடிப்பதை முதலாளியும் குடிக்கலாம்.

கடை திறப்பதற்கு முன் 30 நிமிஷம் நடங்கள், வாரத்துக்கு ஐந்து நாள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். அதோடு மேலே அந்தத் தம்பிக்குச் சொன்ன சுவர்த் தண்டாலும் நாற்காலி பஸ்கியும் வாரம் இரண்டு நாள். படுத்து எழுவதை விட்டுவிடுங்கள். நடக்கையில் நெஞ்சு இறுகினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ ஓடினாலோ “வாயு” என்று சொல்லிச் சோடா குடிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

*காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் கொழுப்பு கரையுமா?*
மாந்தளை வாசகர்

தாகம் தீரும்.

*வெற்றிலை மடிப்பு ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நடந்தால் களைப்பே தெரிவதில்லை. இது நல்லதுதானே மாஸ்டர்?*
பாசுண்டவுங் வாசகர்

களைப்பு தெரியாமல் இருப்பது பாக்கும் புகையிலையும் நரம்பைத் தூண்டிவிடுவதால். களைப்பு அங்கேயேதான் இருக்கிறது, உங்களுக்குத் தகவல் வரவில்லை, அவ்வளவுதான். புகையிலை போடாத வெற்றிலை பாக்கே புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. வாய் முழுதாகத் திறக்கவில்லை, கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றால் நடைப்பயிற்சி அப்புறம், பல் டாக்டர் முதலில்.

*அண்ணா, எனக்கு 19 வயசு, எடை 52 கிலோ. புரோட்டீன் பவுடர் வாங்கலாமா? ஜிம்மில் ஒருத்தர் ஊசி போட்டால் இரண்டே மாதத்தில் ஏறிவிடும் என்கிறார்.*
காலேஜ் தம்பி, ரங்கூன்

ஊசி வேண்டாம். இதில் பேச ஒன்றுமில்லை. வெளியிலிருந்து ஆண் ஹார்மோனை ஏற்றினால் உன் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விதை சுருங்கும், விந்தணு குறையும், அந்த ஆள் ஊசியை எங்கே வாங்கினான், உள்ளே என்ன இருக்கிறது என்பது அவனுக்கே தெரியாது.

பவுடர் விஷமில்லை, ஆனால் அவசியமும் இல்லை, விலைதான் விஷம். எடை தூக்குகிற ஒருவனுக்கு உடம்பு எடையில் கிலோவுக்குச் சுமார் ஒன்றரை கிராம் புரதம் தாராளம், உனக்கு ஒரு நாளைக்கு 80 கிராம் என்று வைத்துக்கொள். முட்டை ஒன்றில் 6 கிராம். வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் எடுத்தால் அதில் 7 கிராம். காலையில் தெருமுனையில் நான்ரொட்டியோடு விற்கிற அவித்த பட்டாணியைக் கேவலமாக நினைக்காதே, கூட ஒரு கரண்டி கேட்டு வாங்கு. ஷான்காரர்கள் கடலை மாவில் கிண்டுகிற மஞ்சள் டோஃபு, மீன், கருவாடு, பருப்பு எல்லாம் கணக்கில் சேரும். கருவாட்டில் உப்பு அதிகம், தினமும் வேண்டாம். உன் எடைக்கு முக்கியம் என்னவென்றால் நேரத்துக்குச் சாப்பிடுவது. 52 கிலோ பையன்கள் பாதிப் பேர் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னிடம் பவுடர் கேட்கிறார்கள்.

*தினமும் சாயங்காலம் தெருவில் சின்லோன் ஆடுகிறோம். இது போதாதா?*
பெகு இளைஞர்கள்

ஆறு பேர் வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் கீழே விடாமல் ஒரு மணி நேரம் ஆடினால் மூச்சுக்கும் காலுக்கும் நிதானத்துக்கும் அதைவிட நல்ல பயிற்சி தேடினாலும் கிடைக்காது, 2013-ல் இங்கே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். தோளுக்கும் முதுகுக்கும் மட்டும் அதில் வேலை இல்லை. ஆட்டம் தொடங்குமுன் தண்டால் பத்து போட்டுவிட்டு ஆடுங்கள்.

*வயது 53, எட்டு வருஷமாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் நடந்தால் கை நடுங்கி வியர்க்கிறது. நடப்பதை நிறுத்திவிடவா?*
மோல்மேன் வாசகர்

நடப்பதை நிறுத்தாதீர்கள் ஐயா, நேரத்தை மாற்றுங்கள். அந்த நடுக்கம் சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம். கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் மாதிரி மாத்திரைகளும் இன்சுலினும் அப்படி இறக்கும். டாக்டரிடம் மாத்திரை அட்டையை எடுத்துப் போய் இதைச் சொல்லிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக நடப்பது உங்களுக்கு இரட்டை லாபம், சாப்பாட்டால் ஏறுகிற சர்க்கரையும் குறையும், நடுக்கம் வருகிற வாய்ப்பும் குறையும். சட்டைப்பையில் நாலு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். ரப்பர் செருப்போடு நடக்காதீர்கள், காலை மூடுகிற ஷூ போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தால் வலிக்காது, கண்ணுக்குத்தான் தெரியும்.

*பங்குனியில் காவடி எடுக்க வேண்டுதல். போன வருஷம் பாதி வழியில் கால் துவண்டுவிட்டது. இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. விரதத்தோடு பயிற்சி செய்யலாமா?*
தட்டோன் பக்தர்

இப்படி ஒரு கேள்வி வராதா என்று காத்திருந்தேன், ஏனென்றால் வருஷம் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு ஒரே நாளில் இருபது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு தார் ரோட்டில் நடக்கிற நம்மவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் நெஞ்சு படபடக்கிறது. வாரம் மூன்று நாள் நடங்கள், 30 நிமிஷத்தில் தொடங்கி வாரா வாரம் ஐந்து நிமிஷம் கூட்டுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து அதில் ஒரு நாள் மட்டும் தோளில் பாரம், முதலில் காவடி எடையில் மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் பாதி, ஏழாவது வாரத்தில் முக்கால். கடைசி வாரம் வெறும் நடை, பாரம் இல்லை. வெறுங்காலுக்குப் பழக்க, தினமும் சாயங்காலம் தரை ஆறிய பிறகு பத்து நிமிஷம்.

விரதம் ஒருவேளைச் சாப்பாடாக இருந்தால் அந்த ஒரு வேளையில் பருப்பும் தயிரும் நிறைய இருக்கட்டும், பாரம் தூக்குகிற நாளில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். தண்ணீருக்கு விரதம் வேண்டாம். பங்குனி வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, எலுமிச்சைச் சாறில் உப்பும் சர்க்கரையும் போட்டு வழி நெடுக யாராவது கொடுக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கூட வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லி வையுங்கள். ஆள் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசி, உடம்பு அனலாகக் கொதித்தால் சாமி வந்திருக்கிறது என்று கும்பிட்டுக்கொண்டு நிற்காதீர்கள், காவடியை இறக்கி, நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சாமியாக இருந்தால் தண்ணீர் ஊற்றியதற்குக் கோபித்துக்கொள்ளாது.

*மாஸ்டர் அண்ணா, என் வீட்டுக்காரர் போன வருஷம் உங்கள் பதிலைப் படித்துவிட்டு டம்பெல் இரண்டு வாங்கினார். இப்போது ஒன்று கதவுக்கு முட்டு, இன்னொன்று ஊறுகாய் ஜாடி மேல் பாரம். என்ன செய்யட்டும்?*
ஒரு சகோதரி, ரங்கூன்

எத்தனை கிலோ டம்பெல் என்று எழுதவில்லையே தங்கச்சி. பத்து கிலோவாக இருந்தால் குற்றம் அவர் மேல் இல்லை, வாங்கும்போது இருந்த ரோசத்தின் மேல். கரண்ட் போய் மோட்டார் ஓடாத நாளில் கீழேயிருந்து தண்ணீர் தூக்குவது யார்? நீங்கள் என்றால் நாளையிலிருந்து அவர். இரண்டு கையிலும் அரை அரை பக்கெட், முதுகு நேராக, ஒரு மாடிக்கு ஒரு தடவை கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு. ஒரு மாதம் கழித்து முக்கால் பக்கெட். கதவு முட்டு அங்கேயே இருக்கட்டும், ஜாடி மேல் இருப்பதையும் எடுக்காதீர்கள், ஊறுகாய் நன்றாக ஊறும்.