‘நிதி வரவில்லை’ என்ற பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கேள்வி: எங்கள் சங்கம் தென் மாவட்ட நகராட்சி ஒன்றுக்காக வீடற்றோர் காப்பகம் நடத்துகிறது. 40 பேர் தங்குகிறார்கள். காப்பாளர்கள் மூவர், சமையலர் ஒருவர். மாதாமாதம் பில் கொடுத்துவிடுகிறோம். எட்டு மாதமாகப் பணம் இல்லை. பாக்கி 9 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கேட்டால் ‘நிதி வரவில்லை’ என்கிறார்கள். என் நகையை அடகு வைத்துத்தான் சம்பளம் கொடுத்தேன். சங்கத்தின் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அதை எடுத்துச் செலவு செய்துவிட்டு, பில் பாஸானதும் திரும்ப வைக்கலாமா? சட்டப்படி போனால் அடுத்த ஒப்பந்தம் போய்விடுமா? பேசாமல் காப்பகத்தை மூடிவிடலாமா? – சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: வெளிநாட்டு நன்கொடைக் கணக்கைத் தொடாதீர்கள். மற்றவற்றுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை என்பதால் இதை முதலில் சொல்கிறேன். எந்த நோக்கத்துக்காக அந்தப் பணம் வந்ததோ அதற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். ‘பத்து நாள் கைமாற்று’ என்று நீங்கள் நினைப்பதைத் தணிக்கையாளர் நோக்கம் மாறிய செலவு என்றுதான் எழுதுவார். 9 லட்சம் பாக்கிக்காக வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவையே இழக்க வேண்டாம்.

இனி ‘நிதி வரவில்லை’ விஷயத்துக்கு வருவோம். சிறிய அறக்கட்டளைகளுக்குக் கணக்குத் தணிக்கை செய்பவன் என்ற முறையில் இந்த இரண்டு சொற்களை நான் கேட்காத மாதம் இல்லை. இவற்றுக்குக் குறைந்தது மூன்று பொருள் உண்டு. சில சமயம் இந்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டு ஆணையே பிறந்திருக்காது. சில சமயம் ஆணை வந்திருக்கும், செலவு செய்யும் வரம்பு மட்டும் திறந்திருக்காது. மத்திய அரசு பங்கு தரும் திட்டங்களில் 2021 ஜூலை முதல் பணம் நகராட்சியின் கணக்குக்கு நேராக வருவதில்லை. பெரும்பாலும் மாநில அளவில் அந்தத் திட்டத்துக்கென உள்ள ஒரே கணக்கில் (ஒற்றை முனையக் கணக்கு) இருக்கும், கீழே உள்ள அலுவலகத்துக்கு வரம்பு மட்டும் ஒதுக்கப்படும். நகராட்சிக் கணக்கர் தன் பாஸ்புக்கைப் பார்த்து ‘வரவில்லை’ என்றால் அவர் பொய் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய இடம் வேறு.

மூன்றாவது பொருள்தான் அதிகம் நடப்பது. பணம் இருக்கிறது, பில்லில் ஏதோ குறை. அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. பில்லில் ‘அறக்கட்டளை’ என்றும் வங்கிக் கணக்கில் ‘டிரஸ்ட்’ என்றும் இருக்கும். பழைய செயலாளரின் கையெழுத்தே பதிவில் நிற்கும். தங்கியவர்களின் வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கத்துக்கு நகராட்சியின் சமுதாய அமைப்பாளரின் ஒப்பம் விட்டுப்போயிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் பணம் நான்கு மாதம் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் இடையே போய்ப்போய்த் திரும்பியது. வங்கி இணைப்புக்குப் பிறகு கிளையின் ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருந்தது, அவ்வளவுதான். அந்த நான்கு மாதமும் அவர்கள் சென்னைக்கு மனு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே பில் எந்த மேசையில் நிற்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஆணையருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: ஒவ்வொரு பில்லின் எண், தேதி, தொகை, ஒப்படைத்த நாள். ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் தருமாறு கேளுங்கள். நகலைக் காப்பகத் திட்டத்தைக் கவனிக்கும் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்துக்கும் நகராட்சி நிர்வாக இயக்குநரகத்துக்கும் அனுப்புங்கள். தபால் பிரிவில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பிரிவு எழுத்தரிடம் முறைத்துக்கொள்ளவும் வேண்டாம். கோப்பு எங்கே என்று தெரிந்த ஒரே மனிதர் பெரும்பாலும் அவர்தான்.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்; 30 நாளில் பதில் தர வேண்டும். இங்கே பலர் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். அந்த உரிமை குடிமக்களுக்கு உரியது; சங்கத்தின் பெயரிலும் முத்திரையிலும் விண்ணப்பித்தால் தள்ளிவிட வழி கொடுத்தவர் ஆகிறீர்கள். உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள். அடுத்து, ‘ஏன் பணம் தரவில்லை’ என்று கேட்காதீர்கள். ஆவணத்தில் இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும். பில் பதிவேட்டின் நகல், அதிகாரிகள் குறிப்பு எழுதும் கோப்பின் நகல், இந்த ஆண்டில் காப்பகத் தலைப்பில் வந்த ஒதுக்கீட்டு ஆணைகளின் எண்ணும் தேதியும், அதே தலைப்பில் யாருக்கு எவ்வளவு எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்ற விவரம் – இவற்றைக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் ‘நிதி வரவில்லை’யின் உண்மை தெரிந்துவிடும். குறைதீர் நாளிலும் முதல்வரின் மனுப் பிரிவிலும் மனுக் கொடுப்பது தவறில்லை. அந்த மனு பெரும்பாலும் பில் நிற்கும் அதே மேசைக்குத்தான் வந்து சேரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் கையில் இருக்கும் தாள் மானிய ஆணையா, சேவை ஒப்பந்தமா என்று பாருங்கள். மானியம் என்றால் தாமதத்துக்கு வட்டி கேட்க முடியாது. முந்தைய தவணையை உரிய காரியத்துக்கே செலவிட்டோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் போயிருக்கிறதா என்பதே அங்கு முக்கியம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இன்படி, முந்தைய ஆண்டின் சான்றிதழும் தணிக்கைக் கணக்கும் போகாமல் தொடர் மானியத்தில் 75 சதவீதத்துக்கு மேல் விடுவிக்க முடியாது. மாதப் பில், விலை, வேலை அளவு எல்லாம் எழுதிய ஒப்பந்தம் என்றால் கதை வேறு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை.

அப்படியானால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் கைகொடுக்கலாம். சங்கமும் அறக்கட்டளையும் இந்தச் சட்டத்துக்கான மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை. சேவையை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்தக் கூடாது. 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை வராவிட்டால் சேவை அளித்த நாளே ஏற்ற நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். புகாரை விசாரிக்க மாநில அரசு அமைத்த வசதியாக்க மன்றங்கள் உண்டு. மன்றம் உத்தரவிட்டபின் அதை எதிர்த்து நீதிமன்றம் போக நகராட்சி 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும்.

இதில் ஒரு முள் இருக்கிறது. ஒப்பந்தத்துக்குப் பிறகு பதிவு செய்தவர் பழைய பில்லுக்கு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025 ஜனவரியில் அந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ‘தொண்டு செய்யும் சங்கம் தொழில் நிறுவனமா’ என்றும் எதிர்த்தரப்பு வாதாடும். எனவே பழைய எட்டு மாதத்துக்கு இதை மட்டும் நம்பாமல், அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பதிந்துவிடுங்கள்.

பழைய பாக்கிக்கு ஒரு காரியம் செய்தே ஆக வேண்டும். பணம் கோரி வழக்குத் தொடர மூன்று ஆண்டுதான் கெடு. அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு நகராட்சி எழுத்தில் கையெழுத்திட்டால் மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். உங்கள் தணிக்கையாளரிடம் சொல்லி, ‘மார்ச் 31 அன்று எங்களுக்குத் தர வேண்டியது இவ்வளவு, உறுதிசெய்யவும்’ என்ற இருப்பு உறுதிக் கடிதத்தை ஆண்டுதோறும் அனுப்புங்கள். வழக்குக்கு முந்தைய நோட்டீஸ் என்றால் பதறுகிற அதிகாரி, ஆடிட்டர் கேட்ட கடிதம் என்றால் சாதாரணமாகக் கையெழுத்திடுவார். நீதிமன்றத்தில் அந்த ஒரு தாள் பேசும். ஒப்புக்கொண்ட தொகையை அரசு அமைப்பு தராமல் இழுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்கும் வழி உண்டு.

அடுத்த ஒப்பந்தம் போய்விடுமா என்றால், மனம் கசக்கத்தான் செய்யும். இல்லை என்று பசப்ப மாட்டேன். அதனால்தான் கடிதம், தகவல் உரிமை, மாநில இயக்கம், மன்றம், நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறச் சொல்கிறேன். காலண்டரையும் பாருங்கள். செலவாகாத ஒதுக்கீடு மார்ச் 31உடன் காலாவதியாகும். அதன்பின் புதிய ஆணை வரும்வரை பழைய பில்கள் தூங்கும். ஜனவரி வரைக்குமான பில்கள் பிப்ரவரி நடுவிலேயே குறையின்றி உள்ளே போயிருக்க வேண்டும்.

மூடுவது பற்றி: பாக்கி இருக்கிறது என்பதற்காகத் திடீரெனக் கதவைப் பூட்டினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள், பழைய பாக்கியிலும் அபராதம் கழிப்பார்கள். விலகும் பிரிவு எத்தனை நாள் முன்னறிவிப்பு கேட்கிறது என்று பாருங்கள். அத்தனை நாளைக் குறிப்பிட்டு, தங்கியிருக்கும் 40 பேரையும் எந்தத் தேதியில் யார் பொறுப்பேற்பார் என்று கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். அந்தத் தேதிவரை பதிவேட்டில் தினமும் ஒப்பம் வாங்குங்கள். இடையில் வரும் எந்தப் பில்லையும் கொடுக்காமல் விடாதீர்கள்.